அமெரிக்காவில் சில மாநிலங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கூட்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்களும் ஊர் சுற்றத் திட்டம் போடும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சாதாரணக் கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பிறகு.

எந்த மாநிலத்துக்குத்தான் அதிகம் பேர் போகிறார்கள்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால் ஃப்ளோரிடா. 2023இல் வெளியிலிருந்து அங்கே போனவர்கள் 14 கோடிக்கும் மேல் என்று அந்த மாநிலம் அறிவித்தது. குடியிருப்பவர்களோ இரண்டேகால் கோடிப் பேர்தான். ஆனால் பயணிகள் செலவழிக்கும் பணத்தை வைத்துப் பார்த்தால் கலிஃபோர்னியா முந்திவிடும். அதே ஆண்டு அங்கே செலவானது ஏறத்தாழ 15,000 கோடி டாலர். கடல் தாண்டி வரும் வெளிநாட்டவரை மட்டும் எடுத்தால் நியூயார்க், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா மூன்றும் வழக்கமாக முன்வரிசை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்கு முந்தைய 2019இல் மொத்த அமெரிக்காவுக்கும் வந்த வெளிநாட்டவர் 8 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஃப்ளோரிடாவின் 14 கோடியில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கர்களே. ஒஹாயோவில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. நம்மைப் போல் விமானம் ஏறி வருபவர்கள் அதில் சிறு பங்கு.

14 கோடி என்று யார் எண்ணினார்கள்? எல்லையில் கேட் போட்டா எண்ணுகிறார்கள்?

நல்ல சந்தேகம். மாநிலம் விட்டு மாநிலம் போக யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எனவே எல்லாமே மதிப்பீடு: கருத்துக்கணிப்பு, விமான நிலைய வரவு, நிரம்பிய ஓட்டல் அறைகள், கார்டுச் செலவு, இப்போது செல்போன் இருப்பிடத் தரவு என்று பலவற்றைக் கலந்து ஒரு எண்ணுக்கு வருகிறார்கள். "பயணி" யார் என்பதிலும் ஒற்றுமை கிடையாது. ஒரு மாநிலம் இரவு தங்கியவரை மட்டும் சேர்க்கும். இன்னொன்று ஐம்பது மைல் தள்ளியிருந்து பகலில் வந்து திரும்பியவரையும் சேர்க்கும். ஃப்ளோரிடா தன் மாநிலத்தவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சில மாநிலங்கள் சேர்க்கின்றன. அதனால் "முதல் பத்து மாநிலங்கள்" என்று சுற்றும் பட்டியல்களைப் பார்த்தால் நான் சிரித்துக்கொண்டு தாண்டிவிடுவேன்.

ஹவாய் ஒரு விதிவிலக்கு. அங்கே காரில் போக முடியாது. விமானத்தில் செடி, பழம் கொண்டுவருகிறீர்களா என்று கேட்கும் விவசாயப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். அதோடு சேர்த்தே எத்தனை நாள் தங்குகிறீர்கள், எந்தத் தீவு என்ற சுற்றுலாக் கேள்விகளும் இருக்கும். நாட்டிலேயே நம்பகமான கணக்குகளில் ஒன்று அந்தச் சிறு தீவுக் கூட்டத்துடையது.

அழகான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டம் போகும். இதில் ஆராய என்ன இருக்கிறது?

அப்படியானால் அலாஸ்காதான் முதலிடத்தில் இருக்க வேண்டும். அங்கே 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' என்று ஒரு தேசியப் பூங்கா. மலையும் ஆறும் பனியுமாகப் படம் பார்த்தாலே மூச்சு முட்டும். உள்ளே சாலையே கிடையாது. ஆண்டு முழுக்க வருபவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்.

நாட்டிலேயே அதிகம் பேர் போகும் தேசியப் பூங்கா எது என்று கேட்டால் பெரும்பாலோர் கிராண்ட் கேன்யன் என்றோ யெல்லோஸ்டோன் என்றோ சொல்வார்கள். இரண்டும் இல்லை. தென்னசி, வட கரோலைனா எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா. 2023இல் 1 கோடியே 30 லட்சம் வருகைகள். யெல்லோஸ்டோனுக்கு அதே ஆண்டு 45 லட்சம்தான். ஸ்மோக்கியில் வெந்நீர் ஊற்று பீய்ச்சி அடிப்பதில்லை, பிரம்மாண்டப் பள்ளத்தாக்கும் இல்லை. பச்சை மலை, மூடுபனி, கரடி, அவ்வளவுதான். ஆனால் அட்லாண்டா, நாஷ்வில், சார்லட் எல்லாம் சில மணி நேரக் கார் தூரம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. மலையைக் கடக்கும் நெடுஞ்சாலையைத் தென்னசி மாநிலம் மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது அதில் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டது. 2023 முதல் வண்டி நிறுத்த மட்டும் காசு. அக்டோபரில் இலை நிறம் மாறும் வார இறுதியில் போனால் சித்திரைத் திருவிழாவில் மாட்டிக்கொண்டது போல வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அழகு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை கோடிப் பேர் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி வந்து சேர முடியும் என்பதுதான் எண்ணிக்கையை முடிவுசெய்கிறது.

ஃப்ளோரிடாவில் கடலும் வெயிலும்தானே? அது நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே எதற்கு 14 கோடிப் பேர்?

ஜனவரி மாதம் சிகாகோவிலோ பஃபலோவிலோ இருந்து பாருங்கள், புரியும். கடலும் வெயிலும் சுற்றுலா ஆவதற்கு வடக்கே பனியில் உறைந்த பெரும் மக்கள்தொகை வேண்டும். ஃப்ளோரிடாவுக்கு அது அமைந்தது. ஆனாலும் ஆள் தானாக வந்துவிடவில்லை. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியில் ராக்ஃபெல்லரின் கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃப்ளாக்லர், கிழக்குக் கரையோரமாக ஓட்டலும் ரயிலும் மாறி மாறிக் கட்டிக்கொண்டே தெற்கே போனார். 1888இல் செயின்ட் அகஸ்டினில் பெரிய ஓட்டல். 1896இல் ரயில் மயாமிக்கு வந்தது, 1912இல் தீவுகளைத் தாண்டி கீ வெஸ்ட் வரை போனது. அந்தக் கடைசிப் பகுதியை 1935ஆம் ஆண்டுப் புயல் சாய்த்துவிட்டது. சாய்ந்த ரயில் பாதையின் மேல் சாலை போட்டார்கள். இன்று கீ வெஸ்டுக்குக் காரில் போகிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

அடுத்த திருப்பம் வால்ட் டிஸ்னி. கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றி மற்றவர்கள் மோட்டல் கட்டிக் காசு பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டின் கிழக்குப் பாதியிலிருந்து அங்கே வந்தவர்களும் குறைவு. எனவே இம்முறை ஆர்லாண்டோ அருகே, பெயர் தெரியாத கம்பெனிகளின் பெயரில், சதுப்பும் மேய்ச்சல் நிலமுமாக 27,000 ஏக்கரை வாங்கிக் குவித்தார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம், பெரிய நெடுஞ்சாலைகள் அங்கே சந்தித்தன என்பதுதான். 1967இல் மாநில அரசு அந்த நிலத்துக்குத் தனி ஆட்சி மாவட்டமே அமைத்துக் கொடுத்தது. 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. பிறகு சீ வேர்ல்டு, 1990இல் யூனிவர்சல், 2025இல் யூனிவர்சலின் இன்னொரு பெரிய பூங்கா என்று ஒன்றை வைத்து ஒன்று வந்தது. ஆர்லாண்டோவில் கடலே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, வரி. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, அரசியல் சட்டமே தடுக்கிறது. அரசாங்கம் விற்பனை வரியை நம்பி ஓடுகிறது. அதில் நல்ல பங்கைச் சுற்றுலா வந்தவர் கட்டிவிட்டுப் போகிறார். அப்படிப்பட்ட மாநிலம் கூட்டத்தை வரவழைக்க என்ன வேண்டுமானாலும் செய்யும். டிஸ்னி இருக்கும் ஆரஞ்சு கவுன்ட்டியில் ஓட்டல் அறைக்குத் தனியாக 6 சதவீதச் சுற்றுலா வரி. அந்தப் பணத்தைப் பெரும்பாலும் சுற்றுலா விளம்பரம், மாநாட்டு மையம் போன்றவற்றுக்கே செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். பஸ் ஓடவில்லை, வாடகை ஏறிவிட்டது என்று அங்கே வேலை செய்பவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

லாஸ் வேகஸ் வெறும் பாலைவனம். அங்கே எப்படி ஊர் வந்தது?

சட்டத்தால் வந்தது. நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்கள் ஓய்ந்து, பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொண்ட காலம். 1931 மார்ச்சில் ஆளுநர் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று சூதாட்டத்தை அனுமதித்தது. மற்றொன்று, ஆறு வாரம் மாநிலத்தில் தங்கினாலே விவாகரத்து கிடைக்கும் என்றது. மற்ற மாநிலங்கள் தடுத்ததைத் தான் விற்றுப் பிழைத்தது நெவாடா.

அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. தொழிலாளர்களுக்காக மத்திய அரசு கட்டிய போல்டர் சிட்டியில் மதுவும் சூதும் கூடாது. சம்பள நாளில் அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போல்டர் சிட்டியில் இன்றும் சூதாட்டம் கிடையாது. அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ்: நான்கைந்து மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம். ஸ்மோக்கி பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

இப்போதுதான் பல மாநிலங்களில் கேசினோ இருக்கிறதே? இன்னும் ஏன் வேகஸ்?

இது சரியான கேள்வி. நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1978இல் முதல் கேசினோ வந்தது. 1988இல் வந்த மத்திய சட்டம் பழங்குடி நிலங்களில் சூதாட்டம் நடத்த வழி திறந்தது. தனிச்சரக்கு போனதும் வேகஸ் கடையை மாற்றிக்கொண்டது. பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, நிகழ்ச்சி ஆகியவற்றில் வரும் வருமானமே அதிகம்.

முக்கியமான புத்திசாலித்தனம் மாநாடுகள். வார இறுதிக் கூட்டம் திங்களன்று போய்விடும். சுமார் ஒன்றரை லட்சம் ஓட்டல் அறைகள் காலியாக நிற்கும். அதை நிரப்பப் பெரிய மாநாட்டு மையம். ஜனவரியில் நடக்கும் மின்னணுப் பொருள் கண்காட்சிக்கு மட்டும் லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அரங்கமும் கட்ட உதவினார்கள். அட்லாண்டிக் சிட்டி சூதாட்டத்தையே நம்பி நின்றது, பக்கத்து மாநிலங்களில் கேசினோ திறந்ததும் அடி வாங்கியது.

பார்க்க ஒன்றுமில்லாத மாநிலம் தானாக ஏதாவது உருவாக்கிக்கொள்ள முடியுமா?

தெற்கு டகோடா அப்படித்தான் செய்தது. 1923இல் அந்த மாநிலத்தின் வரலாற்று அதிகாரி டோன் ராபின்சன், மலையில் பெரிய உருவங்களைச் செதுக்கினால் கார் வைத்திருப்பவர்கள் பார்க்க வருவார்கள் என்று யோசனை சொன்னார். அவர் நினைத்தது மேற்குப் பகுதியின் வீரர்களை. சிற்பி கட்சன் போர்க்லம் வந்து, வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன், தியடோர் ரூஸ்வெல்ட் என்று குடியரசுத் தலைவர்களாக மாற்றினார். நாட்டுக்கே பொதுவானவர்கள் என்றால் மத்திய அரசின் பணமும் வரும். 1927இல் தொடங்கி 1941வரை வெடிவைத்தும் உளிவைத்தும் செதுக்கினார்கள். மொத்தச் செலவு பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது லட்சம் பேர் வாழும் மாநிலத்துக்கு, மவுண்ட் ரஷ்மோர் என்ற அந்த மலை மட்டுமே ஆண்டுக்கு இருபது லட்சம் பேரை வரவழைக்கிறது.

அதே மாநிலத்தில் வால் என்ற சின்ன ஊரில் ஒரு மருந்துக் கடை. 1931இல் வாங்கிய தம்பதிக்கு வியாபாரமே இல்லை. 1936 கோடையில் மனைவிக்கு ஒரு யோசனை: நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமே, "ஐஸ் தண்ணீர் இலவசம்" என்று பலகை வைப்போம். வைத்தார்கள். இன்று நூற்றுக்கணக்கான மைலுக்கு அந்தப் பலகைகள், ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் நிறுத்துகிறார்கள். தண்ணீர் இன்றும் இலவசம்.

ஒன்றுமில்லாத இடம் என்று கேட்டீர்கள். லக்கோட்டா மக்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரஷ்மோர் இருக்கும் பிளாக் ஹில்ஸ் அவர்களுக்குப் புனித மலை. 1868 உடன்படிக்கையில் அவர்களுக்கென்று ஒப்புக்கொண்டு, தங்கம் கிடைத்ததும் பறித்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. பணம் வேண்டாம், நிலத்தைக் கொடு என்று மறுத்துவிட்டார்கள். ரஷ்மோர் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மாநில அரசுகள் விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. அது வீண் செலவுதானே?

கொலராடோவின் கதையைக் கேளுங்கள். அங்கே சுற்றுலா விளம்பரத்துக்கென்று 0.2 சதவீத வரி இருந்தது. 1992இல் வந்த சட்டத்திருத்தப்படி அதை நீட்டிக்க மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. 1993இல் மக்கள் மறுத்தார்கள். விளம்பரத்துக்கு அரசுப் பணம் நின்றுபோன ஒரே மாநிலமாக அப்போது அது ஆனது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உள்நாட்டுச் சுற்றுலாவில் அதன் பங்கு சுமார் 30 சதவீதம் சரிந்தது. கோடைக்கால விடுமுறைத் தலங்களில் முதலிடத்திலிருந்து 17ஆம் இடத்துக்குப் போனது. ராக்கி மலை அங்கேயேதான் இருந்தது. 2000இல் மறுபடி சுற்றுலா அலுவலகம் திறந்தார்கள். விளம்பரத்துக்குப் பணம் கேட்கும் அதிகாரிகள் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டும் உதாரணம் இது. ஆதாயம் உள்ளவர்கள் சொல்லும் கதை என்பதால் ஒரு சிட்டிகை குறைத்தே எடுத்துக்கொள்கிறேன்; பனிச்சறுக்குக் கம்பெனிகள் தங்கள் பணத்தில் விளம்பரம் செய்துகொண்டுதான் இருந்தன.

எதிர் உதாரணம் வாஷிங்டன் மாநிலம். தலைநகரை நினைக்காதீர்கள், இது சியாட்டில் இருக்கும் மாநிலம். 2011இல் பட்ஜெட் நெருக்கடியில் சுற்றுலா அலுவலகத்தை மூடியது. சியாட்டிலுக்கு ஆள் வருவது நிற்கவில்லை, உள்ளூர்ச் சிறு ஊர்கள்தான் தவித்தன. பெயர் தெரிந்த இடம் விளம்பரம் இல்லாமல் பிழைத்துக்கொள்ளும்.

யூட்டாவில் விளம்பரம் அளவுக்கு மீறியே பலித்தது. ஆர்ச்சஸ், ஸயான், பிரைஸ் கேன்யன் உட்பட ஐந்து தேசியப் பூங்காக்களை ஒரே மூட்டையாகக் கட்டி 2013இல் பிரசாரம் செய்தது. ஆர்ச்சஸ் பூங்காவுக்கு 2011இல் சுமார் 10 லட்சமாக இருந்த வருகை 2021இல் 18 லட்சமானது. வாசலிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்து, 2022இல் நேரம் முன்பதிவு செய்தால்தான் உள்ளே என்று ஆக்கினார்கள்.

டெக்சஸில் அப்படி என்ன இருக்கிறது? பட்டியலில் எப்போதும் மேலே வருகிறதே?

மக்கள் இருக்கிறார்கள். மூன்று கோடிப் பேர். சொந்தக்காரரைப் பார்க்க வருவதும், கல்யாணத்துக்கு வருவதும், ஆபீஸ் வேலையாக வருவதும் "சுற்றுலா"தான் கணக்கில். நம் வீடுகளையே பாருங்கள்: மகன் டாலஸில் இருந்தால் அப்பா அம்மா டெக்சஸ் வருகிறார்கள், ஹியூஸ்டன் அருகே பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகிறார்கள், சான் அன்டோனியோவில் ஆற்றங்கரை நடைபாதை பார்க்கிறார்கள். மகள் நியூஜெர்சியில் என்றால் நயாகராவும் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது பிள்ளையின் வேலை.

அலாஸ்கா போக ஆசை. ஏன் எல்லோரும் கப்பலிலேயே போகிறார்கள்?

வேறு வழி குறைவு. தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம். 2023இல் சுமார் 16 லட்சம் பேர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போனார்கள். கூட்டம் தாங்காமல் ஜூனோ நகரம் 2024 முதல் ஒரு நாளைக்குப் பெரிய கப்பல்கள் ஐந்துதான் என்று வரம்பு வைத்தது.

இதிலும் ஒரு பழைய சட்டம் ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல், வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886இல் போட்டது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பதிவு. அதனால்தான் சியாட்டிலில் கிளம்பும் கப்பல் கனடாவின் விக்டோரியாவை ஒரு மாலை தொட்டுவிட்டு வருகிறது. கொரோனாவில் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்காவுக்காக நாடாளுமன்றம் தனி விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு டிக்கெட் போடும் முன் கனடா விசா விஷயத்தையும், அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைய விசா செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வந்தால் லாபம்தானே? ஹவாய்க்காரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

ஹவாய் 1959இல் மாநிலமானது, அதே ஆண்டு ஜெட் விமானமும் வந்தது. அப்போது ஆண்டுக்கு வந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம். 2019இல் ஒரு கோடியைத் தாண்டினார்கள். குடியிருப்பவர்கள் 14 லட்சம். வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போய் உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காத நிலை. 2023 ஆகஸ்டில் மாவி தீவின் லஹைனா நகரம் தீயில் அழிந்து, வீடிழந்தவர்கள் ஓட்டல் அறைகளில் தங்கியிருந்தபோதே சுற்றுலாவைத் திறப்பதா என்று பெரும் சண்டை நடந்தது. மனம் கசந்ததற்குக் காரணம் இருக்கிறது.

எனவே இப்போது ஆளைக் கூட்டுவதைவிட வந்தவரிடம் சரியாக வாங்குவதில் கவனம். ஹனவுமா விரிகுடாவுக்கு வெளியூர்க்காரர் முன்பதிவு செய்து 25 டாலர் கட்ட வேண்டும். டைமண்ட் ஹெட் மலைக்கும் முன்பதிவு. தங்கும் வரியைச் சுற்றுச்சூழலுக்காக 0.75 சதவீதப் புள்ளி உயர்த்தும் சட்டம் 2025இல் கையெழுத்தானது. நம்மவர்கள் பலர் அங்கே போவது கவாய் தீவிலுள்ள சைவ ஆதீனத்துக்காகவும். அதை நிறுவியவர் யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர். அங்கேயும் போகும் முன் நேரம் விசாரித்துக்கொள்வது நல்லது.

அரசியல் காரணமாக வெளிநாட்டவர் வராவிட்டால் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி அடிபடுமா?

இல்லை. 2025இல் கனடாக்காரர்கள் அமெரிக்கப் பயணத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டார்கள். வெர்மான்ட், மெய்ன், நியூயார்க்கின் வடபகுதி போன்ற எல்லையோரங்களில் அது உடனே தெரிந்தது, லாஸ் வேகஸிலும் தெரிந்தது. தென்னசி மலைகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் பதிலில் சொன்ன ஒஹாயோக் குடும்பத்தை நம்பியிருக்கும் மாநிலம் அசையாது.

நெப்ராஸ்கா, வட டகோடா மாதிரி மாநிலங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றனவா?

கேலியையே மூலதனமாக்குகின்றன. போக விருப்பமுள்ள மாநிலங்களின் கருத்துக்கணிப்பில் தொடர்ந்து கடைசி இடம் பிடித்த நெப்ராஸ்கா, "உண்மையைச் சொன்னால், இது எல்லோருக்குமான இடமில்லை" என்ற பொருளில் 2018இல் விளம்பரம் செய்தது. நாடு முழுக்கப் பேசினார்கள். ஐம்பது மாநிலமும் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் வட டகோடாவைக் கடைசிக்குத் தள்ளுவதைக் கவனித்த ஃபார்கோ நகரச் சுற்றுலா அலுவலகம், அப்படிக் கடைசியாக வருபவர்களுக்குச் சான்றிதழும் டி-ஷர்ட்டும் கொடுக்கிறது. இதற்காகவே அங்கே முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மார்ச் மாதத்தில் நெப்ராஸ்கா போகலாம். பிளாட் ஆற்றில் லட்சக்கணக்கான கொக்குகள் வந்து இறங்கும். விடியலில் அவை கிளம்பும் சத்தத்துக்கு முன்னால் நான் பார்த்த பல புகழ்பெற்ற இடங்கள் ஒன்றுமில்லை.

சரி, கூட்டத்தில் மாட்டாமல் எப்போது போவது?

பள்ளிக்கூட நாட்காட்டியைப் பாருங்கள், அதுதான் கூட்டத்தின் கடிகாரம். சுற்றுலாத் தொழில் அதையே வளைத்திருக்கிறது: வர்ஜீனியாவில் செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்துக்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் போட்டார்கள். அங்குள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பெயராலேயே அந்தச் சட்டத்தை ஊரார் அழைத்தார்கள். 2019இல்தான் தளர்த்தினார்கள்.

மேற்கு மலைப் பூங்காக்களுக்குத் தொழிலாளர் தினம் கழிந்து செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். அதற்கு மேல் யெல்லோஸ்டோனில் பனி விழத் தொடங்கும். ஸ்மோக்கிக்கு அக்டோபரைத் தவிருங்கள், ஏப்ரல் இறுதியில் காட்டுப்பூ பார்க்கப் போகலாம். ஃப்ளோரிடாவில் செப்டம்பரில் கூட்டமும் விலையும் குறைவு. காரணம் அது புயல் காலம். அப்போது போவதாக இருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பத் தரும் ஓட்டலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.